கைநாட்டு வைக்கும் முன்

பாறசாலைக்குப் பக்கத்தில் இஞ்சிவிளை இருக்கிறது. அதைத் தாண்டினால் களியக்காவிளை. இஞ்சிவிளை கேரளம். களியக்காவிளை தமிழ்நாடு. இங்கே குடியிருப்பவர்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். அங்கே குடியிருப்பவர்கள் இங்கே வருகிறார்கள். சந்தையும் ஒன்று. சொந்தபந்தமும் ஒன்று.

இந்தப் பக்கத்தில் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். இது கதைதான். ஆனால் இப்படிப்பட்ட வீடுகள் பல உண்டு.

கணவர் தடி அறுக்கும் மில்லில் வேலை செய்கிறார். மில் களியக்காவிளைப் பக்கம். வீடு பாறசாலைப் பக்கம். மில்லில் மொத்தம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ரப்பர் தடி, ஆஞ்சிலித் தடி, பலாத் தடி எல்லாம் அங்கே அறுபடும்.

ஒரு நாள் மாலை. இருட்டத் தொடங்கிவிட்டது. லாரி வந்து நின்றது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று சத்தம். வட்ட வாளுக்கு மேலே ஒரு மூடி இருக்க வேண்டும். அது கழன்று போய்ப் பல நாள் ஆகிவிட்டது. யாரும் திரும்ப மாட்டவில்லை. பலகையைத் தள்ளும்போது கை வழுக்கியது. அவருடைய வலது கைப் பெருவிரல் போய்விட்டது.

ஐந்தாம் நாள் மில் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கட்டு ரூபாய் நோட்டு. இன்னொரு கையில் ஒரு தாள்.

"முதலாளி நல்ல மனுஷன். பத்தாயிரம் ரூபாய் கொடுத்து விட்டிருக்கிறார். இந்தத் தாளில் கைநாட்டு மட்டும் வைத்தால் போதும். வலது கைதானே போச்சு? இடது கைப் பெருவிரலை வை" என்றார்.

கணவருக்கு எழுத்துத் தெரியாது. மனைவி இரண்டு ஆண்டாகப் படிப்பு மையத்துக்குப் போகிறார்.

"அண்ணாச்சி, அந்தத் தாளைக் கொஞ்சம் தாருங்கள். நான் வாசித்துப் பார்க்கிறேன்" என்றார்.

"இதில் வாசிக்க என்ன இருக்கிறது தங்கச்சி? பணம் வாங்கினதுக்கு ஒரு ரசீது. அவ்வளவுதான்."

மனைவி தாளை வாங்கினார். எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தார். அதில் இப்படி இருந்தது: "என் கவனக்குறைவால் காயம் ஏற்பட்டது. ரூபாய் பத்தாயிரம் பெற்றுக்கொண்டேன். இனி எந்த இழப்பீடும் கேட்க மாட்டேன்."

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "கேட்டு விட்டுச் சொல்கிறோம் அண்ணாச்சி" என்றார்.

அவர் செய்தது சரிதானா? அந்தப் பெருவிரலுக்குச் சட்டம் என்ன சொல்கிறது? பார்ப்போம்.

இது தருமம் அல்ல

வேலை செய்யும் இடத்தில், வேலை காரணமாக ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், முதலாளி இழப்பீடு தர வேண்டும். இது இரக்கப்பட்டுத் தரும் பணம் அல்ல. தொழிலாளியின் உரிமை.

இந்த உரிமை பழையது. ஜெர்மனி நாட்டில் 1884-ஆம் ஆண்டு விபத்துக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 1897-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் வந்தது. இந்தியாவில் 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 2020-ஆம் ஆண்டு அதைச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்த்தார்கள். அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெயர் மாறியது. இழப்பீட்டு உரிமை மாறவில்லை.

தினக்கூலிக்காரருக்கும் இந்த உரிமை உண்டு. காண்டிராக்டர் மூலம் வேலைக்கு வந்தவருக்கும் உண்டு. காண்டிராக்டர் கைவிரித்தால், யாருடைய தொழிலுக்காக வேலை நடந்ததோ அந்தப் பெரிய முதலாளியிடம் கேட்கலாம்.

"உன் தப்புதானே?"

கணக்குப்பிள்ளையின் தாளில் "என் கவனக்குறைவால்" என்று இருந்தது அல்லவா? அப்படி எழுதி வாங்குவது தொழிலாளியைப் பயமுறுத்தத்தான்.

மனிதன் என்றால் ஒரு நொடி கவனம் தப்பும். அதற்காக இழப்பீடு இல்லை என்று சட்டம் சொல்லவில்லை. முதலாளி மேல் தப்பு இருக்கிறது என்று தொழிலாளி நிரூபிக்கவும் வேண்டாம். வேலையில், வேலை காரணமாகக் காயம் பட்டது என்று காட்டினால் போதும்.

சில விலக்குகள் உண்டு. குடித்துவிட்டு இயந்திரத்தில் வேலை செய்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். பாதுகாப்பு மூடியைத் தொழிலாளியே வேண்டுமென்று கழற்றி வைத்தாலும் மறுக்கப்படலாம். பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினாலும் அப்படித்தான். ஆனால் தொழிலாளி இறந்துபோனாலோ, முழுவதும் நிரந்தரமாக முடங்கிப்போனாலோ, இந்தக் காரணங்களைச் சொல்லியும் முதலாளி தப்பிக்க முடியாது.

மேலே உள்ள கதையில் மூடி கழன்று பல நாள் ஆகியிருந்தது. அதை மாட்ட வேண்டியது யார்? மில்லை நடத்துகிறவர். சுழலும் பாகங்களை மூடி வைக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது.

விரலுக்குக் கணக்கு உண்டு

எந்தக் காயத்துக்கு எவ்வளவு என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. உடலின் எந்தப் பாகம் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு எத்தனை பங்கு போகிறது என்று அது சொல்கிறது. அதில் சில:

ஒரு கைப் பெருவிரல் முழுவதும் போனால் — நூற்றுக்கு 30
பெருவிரலின் நுனிக் கணு போனால் — நூற்றுக்கு 20
ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் — நூற்றுக்கு 14
நடுவிரல் முழுவதும் போனால் — நூற்றுக்கு 12
மோதிர விரலோ சுண்டு விரலோ முழுவதும் போனால் — நூற்றுக்கு 7
ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் — நூற்றுக்கு 50
ஒரு கண் பார்வை போய், மறு கண் நன்றாக இருந்தால் — நூற்றுக்கு 30
இரண்டு கைகளும் போனால் — நூற்றுக்கு 100

இழப்பீட்டைக் கணக்கிட மூன்று விவரம் வேண்டும். மாதக் கூலி எவ்வளவு? வயது எவ்வளவு? இழப்பு நூற்றுக்கு எவ்வளவு? ஒவ்வொரு வயதுக்கும் ஓர் எண்ணைச் சட்டம் தருகிறது. 30 வயதுக்கு 207.98. 40 வயதுக்கு 184.17. 50 வயதுக்கு 153.09. வயது குறைவு என்றால் எண் கூடும். இன்னும் பல ஆண்டு உழைக்க வேண்டியவர் அல்லவா?

நம் கதையில் வரும் தொழிலாளிக்கு வயது 40 என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, மாதக் கூலி 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: மாதக் கூலியில் நூற்றுக்கு 60 பங்கு. அது 6,000 ரூபாய்.
இரண்டாம் படி: 6,000-ஐ 184.17-ஆல் பெருக்க வேண்டும். அது 11,05,020 ரூபாய்.
மூன்றாம் படி: பெருவிரலுக்கு அதில் நூற்றுக்கு 30 பங்கு. அது 3,31,506 ரூபாய்.

மூன்று லட்சத்து முப்பத்தோராயிரத்து ஐந்நூற்று ஆறு ரூபாய்! கணக்குப்பிள்ளை கொண்டு வந்தது பத்தாயிரம்.

இது தவிர வைத்தியச் செலவையும் முதலாளி தர வேண்டும். காயம் ஆறிவிடும், ஆனால் சில காலம் வேலைக்குப் போக முடியாது என்றால், 15 நாளுக்கு ஒரு முறை மாதக் கூலியில் கால் பங்கு தர வேண்டும். அதாவது ஏறக்குறைய அரைக் கூலி.

கூலி மிக அதிகமாக இருந்தால் முழுக் கூலியையும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அதற்கு ஓர் உச்சவரம்பை மத்திய அரசு அறிவிக்கும். 2020 ஜனவரியில் அதை 15,000 ரூபாய் என்று அறிவித்தது. விபத்து நடந்த நாளில் என்ன வரம்பு என்று தொழில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தச்சரின் வழக்கு

ஒரிசா மாநிலத்தில் ஒரு தச்சர் இருந்தார். 1968 ஜூலையில் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்தபோது கீழே விழுந்தார். இடது கையை முழங்கையோடு எடுக்க வேண்டியதாயிற்று.

முதலாளி இழப்பீடு தர மறுத்தார். ஒரு கைதானே போனது, எப்படி முழு இழப்பு ஆகும் என்று வாதாடினார். இழப்பீட்டு ஆணையர் ஏற்கவில்லை. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது. ஆகவே இது நூற்றுக்கு நூறு இழப்பு என்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் தச்சர் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. இழப்பீடு தர வேண்டிய கடமை விபத்து நடந்த அன்றே தொடங்கி விடுகிறது. அதிகாரி கணக்குப் போட்டுச் சொல்லும் வரை முதலாளி காத்திருக்கக் கூடாது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டி சேரும். தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தடித்தால், இழப்பீட்டில் பாதி வரை அபராதமும் போடலாம்.

உயிர் போனால்

நெய்யாற்றின்கரை தாலுகாவில் கல் குவாரிகள் உண்டு. 2017 நவம்பரில் மாராயமுட்டம் அருகே ஒரு குவாரியில் பாறை சரிந்தது. இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒருவர் இந்தப் பகுதிக்காரர். மற்றவர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்.

தொழிலாளி இறந்தால் இழப்பீடு அவரை நம்பி வாழ்ந்தவர்களுக்குச் சேர வேண்டும். மனைவி, பிள்ளைகள், வயதான தாய் ஆகியோர் அதில் வருவார்கள். மாதக் கூலியில் நூற்றுக்கு 50 பங்கை எடுத்து, வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும்.

இங்கே ஒன்றை மறக்காதீர்கள். இறந்தவருக்கான இழப்பீட்டை முதலாளி வீட்டில் கொண்டு வந்து கொடுத்தால் கணக்குத் தீராது. அரசு அதிகாரியிடம் கட்ட வேண்டும். அதிகாரி பங்கு பிரித்துக் கொடுப்பார். துக்கத்தில் இருக்கும் குடும்பத்தை யாரும் ஏமாற்றக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

விபத்து நடந்தவுடன்

முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். ஓடும் இயந்திரத்தில் சிக்கிய கையை இழுக்கக் கூடாது.

ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கையை உயர்த்தி வைக்க வேண்டும். காப்பித் தூள், மஞ்சள் தூள் எதையும் வைக்கக் கூடாது.

விரல் துண்டாகிப் போனால் அதை எறிந்து விடாதீர்கள். சுத்தமான ஈரத் துணியில் சுற்றுங்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரல் மேல் ஐஸ் நேராகப் படக் கூடாது. சீக்கிரம் போனால் சில நேரம் விரலை மீண்டும் சேர்க்க முடியும். 108-ஐ அழையுங்கள்.

ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லுங்கள். "வீட்டில் விழுந்தேன் என்று சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சிலர் சொல்லுவார்கள். கேட்காதீர்கள். டாக்டர் முதலில் எழுதுவதுதான் பின்னால் பெரிய சாட்சி. எந்த இடத்தில், எந்த இயந்திரத்தில், எத்தனை மணிக்கு என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

தாள்களைச் சேர்த்து வையுங்கள்

ஆஸ்பத்திரிச் சீட்டுகள், மருந்து பில்கள், எக்ஸ்ரே. கூலி வாங்கியதற்கான நோட்டு, சீட்டு, வங்கிப் புத்தகம். செல்போனில் கூலி வந்த செய்தி இருந்தால் அழிக்காதீர்கள். வயதைக் காட்டும் அட்டை. கூட வேலை செய்தவர்கள் இரண்டு பேரின் பெயர். இயந்திரத்தின் படம் எடுக்க முடிந்தால் எடுத்து வையுங்கள்.

பிறகு முதலாளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நகல் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பினால் ரசீது கிடைக்கும். தாமதம் வேண்டாம். 1923 சட்டம் வழக்குப் போட இரண்டு ஆண்டு கெடு வைத்தது. அந்தக் கெடுவை மனதில் வைத்து, அதற்கு முன்பே மனுக் கொடுத்து விடுங்கள்.

எல்லை ஒரு தடை அல்ல

மில் தமிழ்நாட்டில். வீடு கேரளத்தில். எங்கே போய்க் கேட்பது? பலர் இதிலேயே சோர்ந்து போகிறார்கள்.

விபத்து நடந்த இடத்தில் கேட்கலாம். தொழிலாளி குடியிருக்கும் இடத்திலும் கேட்கலாம். முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடத்திலும் கேட்கலாம். 1995-ஆம் ஆண்டு திருத்தத்தில் இந்த வசதி வந்தது. ஆகவே பாறசாலைக்காரர் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். களியக்காவிளைக்காரர் வெள்ளறடையில் வேலை செய்து காயம் பட்டால், குமரி மாவட்டத்திலேயே கொடுக்கலாம்.

மொழியும் தடை அல்ல. குறையைச் சொல்லும் மனுவை நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் அரசு அதிகாரியிடம் கொடுக்கலாம். நம் அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவு இந்த உரிமையைத் தருகிறது. கேரளத்திலும் தமிழில் மனு எழுதலாம்.

மனுவை எந்த அதிகாரியிடம் கொடுப்பது என்று அருகில் உள்ள தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? தாலுகா சட்டப் பணிகள் குழுவிடம் போங்கள். தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் போன் செய்தும் கேட்கலாம்.

முந்திரி ஆலை போன்ற பெரிய இடங்களில் ஈ.எஸ்.ஐ. இருக்கும். கூலியில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால் உங்களுக்கு இழப்பீடு ஈ.எஸ்.ஐ. வழியாக வரும். நிரந்தர ஊனத்துக்கு மாதந்தோறும் பணம் கிடைக்கும். ஒரே காயத்துக்கு இரண்டு இடத்திலும் வாங்க முடியாது.

அந்தத் தாள் என்ன ஆயிற்று?

கதைக்குத் திரும்புவோம். மனைவி கைநாட்டு வைக்க விடவில்லை. ஒருவேளை கணவர் ஏற்கெனவே வைத்திருந்தால்? அப்போதும் முடிந்துவிடவில்லை. "இழப்பீடு கேட்க மாட்டேன்" என்று எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது. சட்டமே அப்படிச் சொல்கிறது. ஆனால் அதை எடுத்துச் சொல்லி வாதாட அலைய வேண்டியிருக்கும். வாசிக்காமல் வைக்காமல் இருப்பதே நல்லது.

இன்னொன்று. வேலைக்குச் சேர்க்கும்போதே இழப்பீட்டு உரிமையை முதலாளி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதுவும் தொழிலாளிக்குப் புரியும் மொழியில். 2017-ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்தில் இது வந்தது. உங்கள் மில்லில், குவாரியில், ஆலையில் அப்படி ஒரு தாள் தந்தார்களா? தராவிட்டால் கேளுங்கள்.

மறுநாள் காலை மனைவி ஒரு தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார். கணவர் சொல்லச் சொல்ல எழுதினார். எழுத மூன்று மணி நேரம் ஆயிற்று. எழுத்து கோணல் மாணலாக இருந்தது. ஆனால் எல்லா விவரமும் அதில் இருந்தது.

எழுதிப் பழகுவோம்

இந்தக் கடிதத்தை உங்கள் நோட்டில் எழுதுங்கள். இடைவெளிகளை நிரப்புங்கள்.

அனுப்புநர்: …………
பெறுநர்: ………… (முதலாளியின் பெயர், முகவரி)
தேதி: …………

ஐயா,

நான் உங்கள் ………… இல் ………… வேலை செய்கிறேன். என் வயது ………… . மாதக் கூலி ………… ரூபாய். ………… தேதி ………… மணிக்கு, ………… இயந்திரத்தில் வேலை செய்யும்போது எனக்குக் காயம் ஏற்பட்டது. என் ………… போய்விட்டது. ………… ஆஸ்பத்திரியில் வைத்தியம் செய்தேன். விபத்தைப் பார்த்தவர்கள் ………… , ………… . சட்டப்படி எனக்குச் சேர வேண்டிய இழப்பீட்டையும் வைத்தியச் செலவையும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
………… (கையெழுத்து)

புதிய சொற்கள்

இழப்பீடு — இழந்ததற்கு ஈடாகத் தரும் பணம்
நிரந்தர ஊனம் — ஆறிச் சரியாகாத உடல் குறை
கெடு — குறித்த காலம்
நகல் — எழுதியதன் மறுபடி

பேசுவோம்

1. "கவனக்குறைவு" என்று சொல்லி இழப்பீட்டை மறுக்க முடியுமா?
2. ஒரு தொழிலாளிக்கு வயது 30. மாதக் கூலி 10,000 ரூபாய். ஆள்காட்டி விரல் முழுவதும் போய்விட்டது. இழப்பீடு எவ்வளவு? மூன்று படிகளையும் போட்டுப் பாருங்கள்.
3. ஆஸ்பத்திரியில் ஏன் உண்மையைச் சொல்ல வேண்டும்?
4. உங்கள் ஊரில் மூடி இல்லாத இயந்திரம் எங்கெங்கே ஓடுகிறது? மையத்தில் எல்லோரும் சேர்ந்து பட்டியல் எழுதுங்கள். மூடியை மாட்டச் சொல்லி யாரிடம், எப்படிக் கேட்பது என்று பேசி முடிவு செய்யுங்கள்.